குட்டைக் கம்பியின் கணக்கு

புங்குடுதீவின் மடத்துவெளியில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு வானொலி என்றால் முதலில் நினைவுக்கு வருவது திருச்சிதான். 1939இல் தொடங்கிய அந்த நிலையம் மத்திய அலையில் 936 கிலோஹேட்ஸில் பேசும், நாதஸ்வரம் வாசிக்கும், உழவர்களுக்கு விதை நெல்லைப் பற்றிச் சொல்லும். புங்குடுதீவிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரம். திருச்சி 190க்குள் அடங்கிவிடும். வேலணையிலிருந்து வாணர் தாம்போதியால் கடலைக் கடந்து வருபவர்கள் கரையேறும் இடம் மடத்துவெளி. அங்கே பட்டப்பகலில்கூட எந்த விறாந்தையிலும் திருச்சி இரைச்சலில்லாமல் கேட்டது.

அந்தத் தெளிவுக்குத் தூரம் மட்டும் காரணமில்லை. திருச்சிக்கும் தீவுக்கும் இடையிலுள்ள வழியில் பாதிக்குச் சற்றுக் குறைவான பகுதி பாக்குநீரிணை. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டியே ஓடும். காய்ந்த மணலும் கல்லும் அதன் சக்தியைக் குடித்துவிடும். உப்புத் தண்ணீர் அப்படிச் செய்வதில்லை. கடல்நீரின் கடத்துதிறன் மீற்றருக்கு நாலு ஐந்து சீமன்ஸ். வறண்ட நிலம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கை எட்டுவதே அரிது. தீவுக்காரர் கடலைப் பிரிவாகவும் தடையாகவும் பேசிப் பழகியவர்கள். வானொலிக்கு அதே கடல் நல்ல பாதை. இந்த உண்மை அவருடைய வாழ்க்கையில் பிற்பாடு பெரிய இடத்தைப் பிடித்தது.

936 கிலோஹேட்ஸின் அலைநீளம் 320 மீற்றர். வீட்டு றேடியோவைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஏரியல் என்று இருந்தது செப்புக்கம்பி சுற்றிய ஒரு கறுப்புக் கோல். பெரைற் என்ற இரும்புச் சேர்மத்தால் ஆனது, ஒரு சாண் நீளமும் இல்லை. 320 மீற்றர் அலையை ஒரு சாண் கோல் எப்படிப் பிடிக்கிறது என்ற கேள்வி பத்து வயதுப் பையனுக்குள் விழுந்தது அன்றைக்குத்தான். அதைக் கேட்க வீட்டிலேயே ஆள் இருந்தார். அப்பாவின் தம்பி, குஞ்சியப்பு. சரக்குக் கப்பல்களில் வானொலி அலுவலராக உலகம் சுற்றியவர்.

குஞ்சியப்பு விடுமுறையில் வரும்போதெல்லாம் பையனுக்குக் கப்பலின் வானொலி அறைக் கதைதான். அந்த அறையின் சுவர்க் கடிகாரத்தில் பதினைந்தாவது நிமிடத்திலிருந்து பதினெட்டுவரையும், நாற்பத்தைந்திலிருந்து நாற்பத்தெட்டுவரையும் சிவப்பு வர்ணம் பூசியிருக்கும். அந்த மூன்று மூன்று நிமிடங்கள் 500 கிலோஹேட்ஸில் எந்தக் கப்பலும் செய்தி அனுப்பக்கூடாது. எல்லாரும் காதுகொடுத்து இருக்கவேண்டும், யாராவது மூழ்கிக்கொண்டிருந்தால் அவர்களுடைய மெலிந்த சைகை கேட்கவேண்டும் என்பதற்காக. 1999 பெப்ரவரியில் செய்மதி சார்ந்த புதிய கடற்பாதுகாப்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வரும்வரை கப்பல்களை இந்த ஒழுங்குதான் காத்தது.

500 கிலோஹேட்ஸ் என்றால் 600 மீற்றர் அலை. தரையில் நிற்கும் கம்பி அலைநீளத்தின் கால்பங்கு உயரம் இருந்தால் தானாகவே பரிவுக்கு வரும். அப்படியானால் கப்பலுக்கு 150 மீற்றர் கொடிமரம் வேண்டும். எந்தக் கப்பலில் அது சாத்தியம்? இரண்டு பாய்மரங்களுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டி, அதன் நடுவிலிருந்து ஒரு கம்பியைக் கீழே இறக்கி, அடியில் பெரிய சுருளை வைத்து இசைத்தார்கள். கடலில் நடந்த பேச்செல்லாம் குட்டைக் கம்பியால்தான் நடந்தது.

இங்கே குட்டை என்பது ஆள் உயரத்தை வைத்துச் சொல்வதல்ல, அலைநீளத்தை வைத்துச் சொல்வது. அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த கம்பியை மின்னியல் கணக்கில் குட்டை என்பார்கள். இருபத்தைந்து மீற்றர் உயரத்தில் கட்டியிருந்தாலும் கப்பலின் கம்பி 500 கிலோஹேட்ஸுக்குக் குட்டை.

பிறகு 1990 வந்தது. யுத்தத்தால் லக்சபானா மின்சாரம் யாழ்ப்பாணத்துக்கு நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. தீவுகளைவிட்டுச் சனம் பெயர்ந்தபோது அவருடைய குடும்பமும் பெயர்ந்தது. யாழ்ப்பாணத்தில் அடைக்கலம் புகுந்த வீட்டிலும் இரவில் செய்தி கேட்கவேண்டியிருந்தது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லோடு அணைத்து, பெடலைக் கையால் சுற்றுவார்கள். டைனமோ தருவது ஆறு வோல்ற் ஆடலோட்டம், மூன்று வோற் அளவில். நாலு டையோட்டால் அதை நேரோட்டமாக்கி, ஒரு கொள்ளளவியால் சீராக்கி, றேடியோவுக்குக் கொடுப்பார்கள். இரவு ஒன்பதே காலுக்குப் பி.பி.சி. தமிழோசை. 1941இல் தொடங்கி 2017இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்திய அந்தச் சேவைக்கு, சைக்கிள் பெடலைச் சுற்றிச் சுற்றிக் கேட்ட நேயர்கள் இருந்தார்கள் என்பதை அந்தத் தலைமுறை மறக்காது.

செய்தி கேட்கும்போது சுற்றுவது அவருடைய வேலை. வேகம் குறைந்தால் குரல் தேயும். றேடியோவின் ஏரியல் இழுத்து நீட்டும் கம்பி, ஒரு மீற்றருக்கும் குறைவு. சிற்றலையில் 49 மீற்றர் பட்டைக்கு அது ஐம்பதில் ஒரு பங்கு. ஆனாலும் குரல் வந்தது. ஒருநாள் செய்தி முடிந்து பெடலை விட்டதும் கேட்டார்.

"குஞ்சியப்பு, இந்தக் கம்பியால லண்டனைக் கேக்கலாமெண்டா, இதாலயே லண்டனோட கதைக்கவும் ஏலும்தானே?"

"கேக்கிறது வேற, கதைக்கிறது வேற, மோனை. எல்லாருக்கும் பிழைக்கிற இடம் உதுதான்."

குஞ்சியப்பு அன்றைக்கு விளக்கியது இன்றைய பாடப்புத்தகத்துக்கும் பொருந்தும். சிற்றலையிலும் மத்திய அலையிலும் காற்றுவெளி ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. உலகம் முழுவதும் விழும் மின்னல்களின் இரைச்சல், அதிலும் வெப்பவலயத்து இடிமழையின் இரைச்சல், எப்போதும் வந்துகொண்டே இருக்கிறது. கம்பி குட்டையானால் நிலையத்தின் சைகை குறையும், அதே விகிதத்தில் வெளி இரைச்சலும் குறையும். இரண்டுக்கும் இடையிலான விகிதம் மாறாது. குறைந்ததை றேடியோ பெருக்கிக்கொள்ளும். அதனால்தான் ஒரு சாண் கோலும் திருச்சியைப் பிடிக்கிறது. அனுப்பும்போது நிலைமை மாறிவிடும். கம்பியடியில் சூடாகிப் போன சக்தியை எந்தப் பெருக்கியும் தூரத்திலிருந்து மீட்டுத் தராது.

பிறகு ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் மூன்று சின்னப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தார். முதலாவது கதிர்வீச்சுத் தடை. கம்பிக்குக் கொடுத்த சக்தியில் வெளியே அலையாகப் போகிற பங்கை ஒரு தடையாகக் கணக்கிட்டால் வருவது அது. இரண்டாவது சுருளின் தடை. மூன்றாவது நிலத்தின் தடை. மூன்றின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடுகிறது. முதற் பெட்டியில் செலவாகும் சக்தி மட்டும் ஊர்கடந்து போகும். மற்ற இரண்டிலும் செலவாவது சூடு.

"துலா மிதிக்கிறவனுக்கு எல்லாம் ஒழுங்காத்தான் தெரியும். ஏறும், இறங்கும். பட்டை ஓட்டையெண்டால் வாய்க்காலுக்கு என்ன வரும்? மீற்றர் துலாவைத்தான் காட்டும் மோனை, வாய்க்காலைக் காட்டாது."

அவர் சொன்ன மீற்றர், வானொலிக்காரர் எல்லாரும் கையில் வைத்திருக்கும் எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர். அனுப்பும் கருவி 50 ஓம் மின்தடங்கலை எதிர்பார்க்கிறது, கேபிளும் 50 ஓம். கம்பியடியிலும் 50 ஓம் இருந்தால் போன சக்தி திரும்பி வராது, மீற்றர் ஒன்றுக்கு ஒன்று என்று காட்டும். அதுதான் பொருத்தம். சக்தி திரும்பி வரவில்லை என்பதை மட்டுமே அந்த முள் சொல்கிறது. எங்கே போனது என்று சொல்வதில்லை. கம்பியே இல்லாமல் 50 ஓம் தடையொன்றை எண்ணெய்ப் பேணிக்குள் அமிழ்த்திக் கேபிளில் மாட்டினாலும் மீற்றர் ஒன்றுக்கு ஒன்றைத்தான் காட்டும். பொருத்தம் முழுமை, கதிர்வீச்சு சூனியம். கருவிகளைச் சோதிக்க வானொலித் திருத்தகங்களில் வைத்திருக்கும் போலிச்சுமை என்பது இதுதான்.

இந்தப் பாடம் கொப்பியிலேயே இருந்தது. யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் அனுப்பும் கருவியைத் தொட்டுப்பார்க்கும் எண்ணமே ஆபத்து. கொப்பிக்கு வேலை வந்தது ரொறன்ரோவில், அடுக்குமாடி வீடொன்றின் பல்கனியில்.

கனடாவில் அமெச்சூர் வானொலிப் பரீட்சை எழுதி உரிமம் எடுத்தபோது அவருக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. வீட்டில் கோபுரம் நட இடமில்லை. மூன்று மீற்றர் கம்பிதான் பல்கனிக்கு அளவு. அவர் விரும்பியது 7.1 மெகாஹேட்ஸ், 42 மீற்றர் அலை. கணக்கைப் பழைய முறையிலேயே போட்டார். உயரத்தை அலைநீளத்தால் வகுத்து, அதை வர்க்கித்து, 395ஆல் பெருக்கினால் நிலத்தின்மேல் நிற்கும் குட்டைக் கம்பியின் கதிர்வீச்சுத் தடை வரும். மூன்று மீற்றருக்கு விடை 2 ஓம். உயரத்தைப் பாதியாக்கினால் இது காற்பங்காகிவிடும் என்பதையும் அதே சூத்திரம் சொல்கிறது. முழுக் கால்அலைக் கம்பிக்கு, அதாவது பத்தரை மீற்றர் உயரத்துக்கு, இந்தத் தடை 36 ஓம்.

இரண்டாவது தொல்லை, குட்டைக் கம்பி தன் அடியில் ஒரு சின்னக் கொள்ளளவியாகவே தெரிகிறது. விரல் பருமனான மூன்று மீற்றர்க் குழாய்க்கு 600 ஓம் அளவில் கொள்ளளவ எதிர்த்தாக்கம் இருக்கும். அதைச் சரிக்கட்ட 13 மைக்ரோஹென்றி அளவில் ஒரு சுருள் வேண்டும். நன்றாகச் சுற்றிய சுருளும் தன் எதிர்த்தாக்கத்தில் இருநூறில் ஒரு பங்கைத் தடையாக வைத்திருக்கும்: 3 ஓம். அதே கம்பியைத் தரையில் நட்டு, நிலத்தில் சில கம்பிகளை விரித்துப் போட்டால் நில இழப்பு 10 ஓம் என்று வைக்கலாம். மொத்தம் 15 ஓம், அதில் வெளியே போவது 2. கருவி 100 வோற் கொடுத்தால் 13 வோற் அலையாகப் போகும். மீதி 87 வோற் சுருளையும் மண்ணையும் சூடாக்கும். அத்தோடு, சுருளும் கம்பியும் சேரும் இடத்தில் 1500 வோல்ற்றுக்கு மேல் நிற்கும். ஏரியலைத் தொடாதே என்று வானொலிக்காரர் எச்சரிப்பது இதனால்தான்.

இதற்குமேல் வருகிற படிதான் அவரை ஆழமாக யோசிக்க வைத்தது. 15 ஓம் கம்பியை 50 ஓம் கேபிளில் நேரே மாட்டினால் மீற்றர் 3.3 காட்டும். பார்ப்பவருக்கு அது கெட்ட எண். இப்போது நிலக்கம்பிகளை வெட்டி எறிந்து, நில இழப்பை 45 ஓமுக்கு ஏற்றினால் என்ன நடக்கும்? 2, 3, 45 சேர்ந்து 50. மீற்றர் ஒன்றுக்கு ஒன்று காட்டும். வெளியே போவதோ நூறு வோற்றில் நாலு. நிலம் கெடக் கெடப் பொருத்தம் அழகாகிறது. பல்கனிகளிலும் கார்களிலும் குட்டைக் கம்பி வைத்த எத்தனையோ பேர் அந்த அழகான எண்ணைக் கண்டு திருப்திப்பட்டு, தூரத்திலிருந்து பதில் வராததற்கு வானிலையைக் காரணம் சொல்கிறார்கள்.

திருப்பிப் பார்த்தாலும் இதே உண்மை. குட்டைக் கம்பியின் நிலத்தைச் செம்மைப்படுத்தும்போது மீற்றரின் எண் ஏறவேண்டும். ஏறினால் அது நல்ல சகுனம். அந்த மிச்சப் பொருத்தமின்மையை அடியில் ஒரு சின்னச் சுருளால் தீர்த்துவிடலாம். முதலில் இழப்பைக் குறைப்பது, பிறகு பொருத்துவது என்பதே ஒழுங்கு. பொருத்தத்தை முதலில் தேடுபவருக்கு இழப்பே பொருத்தமாகக் கிடைத்துவிடும்.

அமெரிக்கப் பொறியியலாளர் ஹரோல்ட் வீலர் 1947இலும், எம்.ஐ.ரி.யைச் சேர்ந்த லான் ஜென் சூ 1948இலும் இந்தக் கதைக்கு ஒரு எல்லைக்கோடு போட்டார்கள். ஏரியலின் அளவு, அதன் வினைத்திறன், அது இசைந்திருக்கும் அலைவரிசையின் அகலம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வெல்ல முடியாது. சின்னதாக இருந்து, சக்தியை நன்றாக வெளியே அனுப்பினால், அது மிகக் குறுகிய வரிசையில்தான் இசையும். அதிர்வெண்ணைச் சற்று நகர்த்தினாலும் மறுபடி இசைக்கவேண்டும். சின்னதாகவும் இருந்து, அகன்ற வரிசை முழுவதிலும் மறுபடி இசைக்காமலே நல்ல எண் காட்டினால், உள்ளே எங்கோ சக்தி எரிகிறது. கடையில் குட்டை ஏரியல் வாங்கப் போகிறவருக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

உலகின் மிகப்பெரிய ஏரியல்களும் குட்டைதான் என்பது அவருக்குப் பிடித்த செய்தி. சுவீடனின் கிரிமற்றன் நிலையம் 1924இலிருந்து 17.2 கிலோஹேட்ஸில் அமெரிக்காவுக்குத் தந்தி அனுப்பியது. அதன் ஆறு கோபுரங்களும் 127 மீற்றர் உயரம். அலைநீளமோ பதினேழு கிலோமீற்றருக்கு மேல். மேலே கம்பிகளை எவ்வளவு அகலமாக இழுத்துக் கட்டினாலும் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. அங்கே நிலம் ஒரு ஓம் இருந்தாலே எல்லாம் போய்விடும். ஏர்ன்ஸ்ட் அலெக்சாண்டர்சன் அதற்குக் கண்ட வழி, மேற்கம்பியைப் பல இடங்களில் தனித்தனிச் சுருள்களின் ஊடாக நிலத்தில் இறக்குவது. மின்னோட்டம் பல வழிகளாகப் பிரிந்து நிலத்துக்குள் இறங்குவதால் நில இழப்பு குறைகிறது. 2004இல் யுனெஸ்கோ அந்த நிலையத்தை உலக மரபுரிமையாக்கியது.

தமிழ் நிலத்திலும் ஒன்று இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையம் 1990 ஒக்ரோபர் 20 அன்று தொடங்கப்பட்டது, நீரில் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்ப. அதன் மிக உயர்ந்த கோபுரங்கள் 471 மீற்றர், இந்தியாவின் உயரமான கட்டமைப்புகள். 18.2 கிலோஹேட்ஸில் அலைநீளம் பதினாறரை கிலோமீற்றர். ஆகவே அந்தக் கோபுரமும் அலைநீளத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்குதான். குடைபோல விரித்த மேற்கம்பிகளின் முழு உதவி கிடைத்தாலும் கதிர்வீச்சுத் தடை ஒரு ஓமும் சொச்சமும். ரொறன்ரோ பல்கனியின் மூன்று மீற்றர்க் கம்பியும் விஜயநாராயணத்துக் கோபுரமும் ஒரே சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டவை.

இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணை ஏன் பயன்படுத்தவேண்டும்? கடல்நீர் வானொலி அலையை மேற்பரப்பிலேயே மறித்துவிடுகிறது. 18 கிலோஹேட்ஸ் அலை இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான ஆழத்தில் மூன்றில் ஒரு பங்காகத் தேய்கிறது, பத்து மீற்றர்ச் சொச்சம் வரை ஏதோ எட்டும். 7 மெகாஹேட்ஸ் அலைக்கோ அதே தேய்வுக்கு ஒன்பது சென்ரிமீற்றர் தண்ணீர் போதும்.

ஒன்பது சென்ரிமீற்றர் என்ற எண்ணைக் கண்டதும் அவருக்கு மடத்துவெளிக் கரை ஞாபகம் வந்தது. தாம்போதியின் இரு பக்கமும் கடல் ஆழமில்லை, கணுக்கால் அளவு தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம். நீர்மூழ்கிக்காரருக்குத் தொல்லையாக இருக்கும் அதே குணம், கரையில் கம்பி நடுபவருக்கு வரம். அலையின் பெரும்பகுதி ஒன்பது சென்ரிமீற்றருக்குள் தேய்ந்துவிடுமென்றால், கணுக்கால் தண்ணீரே 7 மெகாஹேட்ஸுக்கு ஏறக்குறைய முழுக்கடல்தான். நிலக்கம்பிகளைக் கிலோக்கணக்கில் புதைத்தாலும் கிடைக்காத நிலம், அந்தச் சேற்றுக்கரையில் இலவசமாகக் கிடக்கிறது.

"கப்பலில நிலத்தைப் பற்றிக் கவலையில்லை. இரும்பு உடம்பு, அதைச் சுத்திக் கடல். உப்புத்தான் எங்கட நிலம்" என்று குஞ்சியப்பு சொன்னதன் கணக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. 600 மீற்றர் அலையை இரண்டு மூன்று ஓம் கதிர்வீச்சுத் தடையோடு கடல்கடந்து அனுப்ப முடிந்ததற்கு அந்த நிலமே காரணம். குஞ்சியப்பு அப்போது உயிரோடு இல்லை.

யுத்தம் முடிந்து பாதைகள் திறந்தபிறகு ஊருக்குப் போனபோது, இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் முறையாக அனுமதி பெற்று, சின்ன அனுப்பும் கருவியையும் மின்தடங்கல் அளக்கும் கருவியையும் அதே மூன்று மீற்றர்க் கம்பியையும் கொண்டுபோனார். முதலில் பழைய வீட்டு முற்றத்தில், சுண்ணக்கல்லும் மணலும் கலந்த நிலத்தில், சில கம்பிகளை விரித்து நட்டார். பரிவில் அளந்த தடை இருபது ஓமை ஒட்டி நின்றது. பிறகு கரைக்குப் போய், கம்பியடியின் நில இணைப்பை ஒரு செப்புத் தகட்டோடு உப்புத் தண்ணீரில் இறக்கினார். அதே கம்பி, அதே சுருள். எண் ஏழு எட்டுக்கு இறங்கியது. எஸ்.டபிள்யூ.ஆர். மீற்றர் முன்னதைவிட மோசமாகக் காட்டியது. முற்றத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்த வினைத்திறன் கரையில் நாலில் ஒரு பங்கைத் தாண்டிவிட்டது என்பதுதான் அதன் பொருள். அடியில் குறுக்காக ஒரு சின்னச் சுருளை வைத்ததும் மீற்றரும் ஒன்றுக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

கணக்கை நம்பினாலும் காற்றில் சோதிக்கவேண்டும் அல்லவா? அதற்கு ஜோ டெய்லர் தந்த ஒரு வழி இருந்தது. இரட்டைப் பல்சார் கண்டுபிடிப்புக்காக 1993இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர், தானும் ஒரு அமெச்சூர் வானொலிக்காரர். 2008இல் அவர் வெளியிட்ட விஸ்பர் முறையில், மிகக் குறைந்த சக்தியில் இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு மெல்லிய சைகையை அனுப்புவார்கள். உலகின் பல மூலைகளிலும் உள்ள கேட்பு நிலையங்கள் அதைத் தானாகப் பிடித்து, இரைச்சலுக்கு மேலே அல்லது கீழே எத்தனை டெசிபல் என்று இணையத்தில் பதியும். முற்றத்திலிருந்து அனுப்பியதையும் கரையிலிருந்து அனுப்பியதையும் அவர் ஒப்பிட்டார். வினைத்திறன் கணக்கு நாலைந்து டெசிபல் கூடும் என்றது. தூரத்து நிலையங்களில் அதையும் தாண்டிக் கூடியிருந்தது. நிமிர்ந்த கம்பியிலிருந்து அடிவானத்தை ஒட்டித் தாழ்ந்து போகும் அலையை வறண்ட நிலம் தின்றுவிடும், கடல் அப்படியே தெறிக்கவைத்து அனுப்பும். தூரம் போவது அந்தத் தாழ்ந்த அலைதான்.

அன்று கரையில் வேடிக்கை பார்க்க வந்த பள்ளிப் பிள்ளைகளில் ஒருத்தி, கம்பியின் உச்சியில் ஏதாவது கட்டினால் என்ன ஆகும் என்று கேட்டாள். மிகச் சரியான கேள்வி. குட்டைக் கம்பியில் மின்னோட்டம் அடியில் நிறைந்து உச்சியில் சூனியமாகிறது, மேற்பாதி வீணாக நிற்கிறது. உச்சியில் நாலு குறுக்குக் கம்பிகளை விரித்துக் கட்டினால் மின்னோட்டம் மேல்வரை ஓடும். எல்லையில் கதிர்வீச்சுத் தடை நாலு மடங்குவரை கூடலாம். சுருளும் சின்னதாகும், அதன் இழப்பும் குறையும். அவளோடு சேர்ந்து கட்டிப் பார்த்தார். உயரத்தைக் கூட்ட முடியாதவருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த வழி அதுதான்.

இது வெறும் பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு 2004 டிசெம்பர் சாட்சி. அந்த மாதம் இந்தியாவின் பாரதி பிரசாத் ஒரு குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேயரிலிருந்து வி.யு.4.ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறியில் வானொலித் தொடர்புகள் செய்துகொண்டிருந்தார். 26ஆம் திகதி ஆழிப்பேரலை அடித்ததும் அதே கருவிகள் தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் இடையே செய்தி கடத்தும் அவசரத் தொடர்பாயின. இலங்கையில் விக்டர் குணதிலக தலைமையில் இலங்கை வானொலிச் சங்கத்தார், தொலைபேசி அறுந்துபோன அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே சிற்றலைத் தொடர்பை ஏற்படுத்தினார்கள். கார் பற்றரியும் ஒரு கம்பியும்தான் அடிப்படை. அப்படிப்பட்ட நாளில் உயரமான கோபுரத்துக்கு நேரமிருக்காது. கையில் இருக்கும் குட்டைக் கம்பியிலிருந்து எவ்வளவு வெளியே போகிறது என்று தெரிந்தவர் இருப்பது உயிர்காக்கும் விஷயம்.

தீவகத்துக்கு இது பொருந்தாதா? 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வட இலங்கையைக் கடந்துதான் பாக்குநீரிணைக்குப் போனது. நெடுந்தீவும் நயினாதீவும் எழுவைதீவும் இன்றைக்கும் படகை நம்பியிருக்கின்றன. கடல் கொந்தளித்துப் படகு நின்றால், கைத்தொலைபேசிக் கோபுரத்தின் மின்சாரமும் நின்றால், நோயாளி ஒருவரைப் பற்றி யாழ்ப்பாணத்துக்குச் சொல்ல ஒரு பற்றரியும் கம்பியும் சிற்றலைக் கருவியும் போதும். உலகத்தில் எத்தனையோ வானொலிக்காரர் காசு கொட்டியும் அடைய முடியாத நிலத்தை இந்தத் தீவுகள் நாலு பக்கமும் வைத்திருக்கின்றன.

ஊரிலிருந்து திரும்பும்போது அவர் கம்பியையும் அளக்கும் கருவியையும் அந்தப் பிள்ளைகளிடமே விட்டுவிட்டு வந்தார். அமெச்சூர் வானொலிக்கான பரீட்சையை இலங்கையில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு நடத்துகிறது. உயர்தர இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு அதன் பாடத்திட்டம் கடினமில்லை. தீவகத்துப் பாடசாலை ஒவ்வொன்றிலும் இரண்டு பிள்ளைகளாவது அதை எழுதவேண்டும். ஆசிரியர்கள் எழுதத் தூண்டவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஊர்ச்சங்கங்கள் கோயில் கோபுரத்துக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கை ஒரு கருவிக்கும் கொஞ்சம் செப்புக்கம்பிக்கும் ஒதுக்கவேண்டும்.